கோயிற்கலை ஆராய்ச்சியும் நம் மலையடிவார மாணாக்கரும்

சென்ற புரட்டாசிச் சனிக்கிழமையொன்றில் தீர்த்தமும் சடாரியும் பெற்று, அடியேன் வெளிப் பிராகாரத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்கின்ற ஓர் அம்மையார் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் பி.ஏ. வரலாறு தேறியவள். "சார், இவள் கோயில் சிலைகளையும் சித்திரங்களையும் பற்றித்தான் மேற்கொண்டு படிப்பேன் என்று நிற்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா? உண்டென்றால் அதனால் சோறு உண்டா?" என்று கேட்டார். வினா நேரானது, அன்று அடியேன் சொன்ன விடை அத்துணை நேராக இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன், தன் பாடத்தின் ஒரு கிளையைப் பற்றிக் கேட்டபோது தடுமாறியது வெட்கத்துக்குரியதே. மலர்க் குழுவினர் இவ்வாண்டும் ஒரு கட்டுரை வேண்டுமென்றபோது, ஸ்தல மகிமை எழுதத் தக்கோர் பலர் இருக்க, அந்த அம்மையாருக்குரிய விடையையே எழுதிவிடுவது நலம் என்று துணிந்தேன்.

கலை வரலாறு என்பது கலைப்பொருளைப் புகழ்ந்து பேசுவது அன்று. அழகு என்று வியத்தல் சேவிக்க வந்த எவர்க்கும் இயலும். இது எப்போது செய்யப்பட்டது, செய்வித்தவர் யார், செய்த கை எது, இவ்விடத்தில் ஏன் வைக்கப்பட்டது, பின்னர் யார் இதை மாற்றினார் என்று வினவி, கல்லிலும் செம்பிலும் சுதையிலும் வண்ணத்திலும் விடை தேடுவதே கலை வரலாறு. இடைக்காலம் என்று இங்கே குறிப்பது, பல்லவரும் முற்காலப் பாண்டியரும் குன்றுகளைக் குடைந்த காலந்தொட்டு, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரை நாயக்கராட்சி முடிந்தது வரையுள்ள காலத்தை. நாயக்கர் காலத்தைத் தனியே பிரித்து வேறு பெயரிடுவோரும் உளர். அவ்வழக்கில் நாம் புக வேண்டுவதில்லை.

இத்துறைக்கு முதற்கருவி கண். நம்மூரில் ஏலக்காயைக் கையில் அள்ளிய மாத்திரத்தில் அதன் பருமன், நிறம், காய்ந்த பக்குவம் ஆகியவற்றைச் சொல்லிவிடுவோர் தெருவுக்குத் தெரு உளர். சல்லடை பிறகுதான் வரும். அக்கண்ணைச் சற்றே உயர்த்தித் தூணின் உச்சியில் நிறுத்துக. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருபுறமும் கை நீட்டினாற்போல் ஓர் உறுப்பு நிற்கும். அதற்குப் போதிகை என்று பெயர். பல்லவர் காலத்துப் போதிகை வளைந்து, அலையலையான மடிப்புகளுடன் இருக்கும். தரங்கப் போதிகை என்பர். சோழர் காலத்தில் அது சாய்வாக வெட்டப்பட்டு, நடுவே ஒரு பட்டை மட்டும் முன்னே நீண்டு நிற்கும்; இது வெட்டுப் போதிகை. பிற்காலப் பாண்டியர் காலத்தில் அந்த நீட்சி மெல்லக் கீழ்நோக்கி வளைந்து பூவின் வடிவை நாடுகிறது. விஜயநகர காலத்தில் மொட்டாகத் தொங்குகிறது. நாயக்கர் காலத்திலோ இதழ்கள் விரிந்து, வாழைப்பூப்போல் நன்கு இறங்கித் தொங்குகிறது. இது பூமுனைப் போதிகை. தூணின் கீழ்ச்சதுரத்தின் மேல் மூலைகளில் பாம்புப் படம்போல் எழும் நாகபந்தமும் பிற்காலத்து அடையாளமே. புதுச்சேரியில் பேராசிரியராயிருந்த ழூவோ-துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர், 1914இல் வெளியிட்ட நூலில் இவ்வுறுப்புகளின் வளர்ச்சியை வரிசைப்படுத்திக் காட்டினார். அதன்பின், அரசன் பெயர் பொறித்த கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் ஏறத்தாழக் காலம் சொல்ல வழி பிறந்தது.

ஒரு போதிகையைக் கண்டதும் கோயில் முழுதுக்கும் காலம் கூறிவிடுதல் பிழையாகும். பழங்கற்களைப் பெயர்த்துப் புதிய மண்டபத்தில் அடுக்குவது நம் நாட்டில் தொன்றுதொட்ட வழக்கம். தூணுக்கு ஒரு காலம், தளத்துக்கு ஒரு காலம், உற்சவர் திருமேனிக்கு வேறொரு காலம் இருத்தல் கூடும். பெருமாள் கோயில்களில் அடியேன் கண்டவரை இது விலக்கன்று, பெரும்பான்மை.

அந்த மகளுக்கு முதலிற் சொல்ல வேண்டிய பெயர் ஒன்று உண்டு. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த பரமேச்சுர விண்ணகரம், காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில், அன்பர்கள் சேவித்திருப்பீர்கள். அதன் சுற்றாலைச் சுவரில் பல்லவர் குலத்தின் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. வருவோர் போவோர் கண்ட அச்சிற்பங்களைக் கட்டம் கட்டமாகப் படித்து, இது முடிசூட்டு, இது போர், இது தூது என்று பிரித்துரைத்தவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண்மணி அவரே; ஆண்டு 1936. 1940இல் இளம் வயதிலேயே மறைந்தார். வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்களைப் பற்றிய அவரது ஆய்வு, மறைவுக்குப் பின் 1941இல் மத்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. இன்றும் அச்சிற்பங்களைப் பற்றி எழுதப் புகுவோர் அதைத் தொடாமல் செல்லவியலாது.

இன்று இத்துறையில் அறிஞர் மிகுதியாக ஈடுபட்டிருப்பது சுவரோவியங்களில் எனலாம். மதுரையை அடுத்த அழகர் கோயிலின் வசந்த மண்டபத்து விதானத்தில் ராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டு, அவற்றின் கீழே தமிழில் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. செங்கம் வேணுகோபால பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலிலும் ராமாயணமே; ஆனால் அங்குள்ள குறிப்புகள் தெலுங்கில் உள்ளன. முன்னோர் ஓவியத்தை மட்டுமே கண்டனர். இக்காலத்து ஆய்வாளர் அதன் கீழுள்ள எழுத்தையும் உடன் வைத்துப் படிக்கின்றனர். ஓவியர் எந்த மொழியினர், அவருக்குக் கதை சொன்னவர் வால்மீகியைச் சொன்னாரா, கம்பரைச் சொன்னாரா, ரங்கநாத ராமாயணத்தைச் சொன்னாரா, எழுத்தறிந்தோர் யார் படிக்கவென்று அக்குறிப்புகள் இடப்பட்டன என்பன போன்ற வினாக்கள் அதனால் எழுந்துள்ளன. எழுத்துப் பிழையும் சான்றாகிறது. பேச்சில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதிய சொல், அந்நாளைய ஊர்ப்பேச்சை நமக்குக் காட்டிவிடுகிறது. திருநெல்வேலிச் சீமையில் திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்தளங்களிலுள்ள ஓவியங்களைச் சா. பாலுசாமி தமிழில் விரிவாக ஆராய்ந்து நூலாக்கியுள்ளார். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் கதை ஓவியங்களைப் பற்றி வி.கே. ராஜாமணியும் டேவிட் சுல்மனும் 2011இல் நூல் வெளியிட்டனர். அன்னா சீஸ்ட்ராண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையுள்ள தென்னாட்டு ஓவியங்களை எழுத்தோடு இணைத்து ஆராய்ந்தவர்.

இங்கேதான் நம் போடிப் பிள்ளைகளுக்குப் பிறர்க்கில்லாத ஒரு முதல் கையில் இருக்கிறது. பள்ளியில் தமிழ், பல வீடுகளில் தெலுங்கு, மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போனால் மலையாளம். மூன்றும் காதில் விழ வளரும் பிள்ளை நம்மூரில் சர்வசாதாரணம். அதை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. நாயக்கர் காலத்துக் கலையைப் பயில வருகின்ற வெளிநாட்டு மாணவர் இவற்றுள் ஒரு மொழியைக் கற்கவே ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார். போடிமெட்டு ஏறி அப்பால் இறங்கிக் கொச்சிக்குச் சென்றால், மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களிலும் ராமாயணம் உண்டு. அதே கதை, வரையும் முறை வேறு. தமிழ்நாட்டு நாயக்கர் ஓவியம் சுவரை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, கதையை வரிசையாக நடத்திச் செல்லும். கீழே எழுத்து நிற்கும். கேரளத்து ஓவியமோ பெரிய உருவங்களை இடைவெளியின்றி நிறைத்து, காவியும் மஞ்சளும் பச்சையும் திரண்டு நிற்கச் சுவர் முழுவதையும் ஒரே காட்சியாக்கும். மலைத்தொடர் ஒன்றின் இருபுறத்திலும் ஒரே ராமகாதை இவ்வாறு இருவேறு நடை கொண்டது ஏன்? முனைவர் பட்டத்துக்குப் போதுமான வினா இது. இதை வினவ நம் சரிவில் வசிப்பவரினும் தகுதியுடையோர் யாவர்?

ஆராய்தற்குரிய பொருள் நம் வட்டாரத்தில் உண்டா என்று சிலர் ஐயுறலாம். உத்தமபாளையத்தில் பாறையின்மேல் சமண தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அச்சணந்தி என்னும் பெயர், மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளிலும் காணப்படுவது. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளை வரலாறு பயின்றோர் யாவரும் அறிவர். மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அச்செப்பேடு பாண்டியர் பெருமையாகக் கூறுகிறது. கம்பத்தில் கம்பராயப் பெருமாளும் காசி விசுவநாதரும் ஒரே வளாகத்தில் எழுந்தருளியுள்ளனர். இரண்டு சந்நிதிகளின் கட்டட உறுப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிட வேறெங்கும் போக வேண்டுவதில்லை. நம்மூரோ மதுரை நாயக்கரின் எழுபத்திரண்டு பாளையங்களுள் ஒன்று. ஜமீன் அரண்மனைச் சுவர்களில் ராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. அவை காலத்தால் பிற்பட்டவை, இடைக்காலம் என்ற வரம்புக்கு வெளியே நிற்பவை. ஆயினும் நாயக்கர் ஓவிய மரபு அரசு போன பின்னும் ஒரு பாளையத்தில் எவ்வாறு உயிரோடிருந்தது என்பதற்கு அவை சாட்சி. அது தனியார் இல்லம்; உடையவர்களின் இசைவு பெற்று, அவர்கள் குறித்த நேரத்தில், குறித்த அளவே காண வேண்டும் என்பதை மாணாக்கர் மறத்தலாகாது.

உற்சவ மலரில் எழுதுவதால் இன்னொரு கிளையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நெடுங்காலம் அறிஞர்கள் கருவறையையும் விமானத்தையுமே கோயில் என்று கொண்டு ஆராய்ந்தனர். நாயக்கர் காலத்து நீண்ட பிராகாரங்களும் நூற்றுக்கால் மண்டபங்களும் மிகைச் செலவென்றும் கலைத் தேய்வென்றும் ஒதுக்கப்பட்டன. லண்டனைச் சேர்ந்த கிரிஸ்பின் பிரான்ஃபுட் 2007இல் வெளியிட்ட தம் நூலில் இப்பார்வையைத் திருப்பினார். உற்சவர் எழுந்தருளுகின்ற வழியை வைத்தே அக்கட்டடங்களைப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எம்பெருமான் புறப்பாடு கண்டருளுகையில் எங்கே நிற்கிறார், எங்கே திரும்புகிறார், எங்கே திருமஞ்சனம் கொள்கிறார் என்று அறிந்தால்தான் அந்த மண்டபம் அவ்விடத்தில் ஏன் எழுந்தது என்பது விளங்கும். மதுரைப் புதுமண்டபத்தை 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய திருமலை நாயக்கர், தம் முன்னோருடன் தாமும் தூணில் கைகூப்பி நிற்பது உற்சவம் காண்பதற்காகவே. ஸ்ரீபாதம் தாங்கும் நம் அன்பர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய செய்தியன்று. அவர்கள் தோளுக்கே தெரியும். மறைந்த தொ. பரமசிவன் அவர்களின் 'அழகர் கோயில்' என்னும் ஆய்வும், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது, கோயிலைக் கல்லாக மட்டும் காணாமல் அதை நாடி வரும் பலவகை மக்களோடு சேர்த்துக் கண்டதாலேயே நிலைபெற்றது.

இனி, சற்று மனம் கசக்கும் செய்தி. மதுரை மதனகோபால சுவாமி கோயிலில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மண்டபத்தின் தூண்களும் கற்களும் பிரிக்கப்பட்டுக் குவியலாய்க் கிடந்தன. 1912இல் திருமணம் முடித்துச் சுற்றுலா வந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர், அடலின் பெப்பர் கிப்சன் என்பார், அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அறுபதுக்கு மேற்பட்ட கருங்கற்கள். அவர் மறைந்த 1919ஆம் ஆண்டில் குடும்பத்தார் அவற்றைப் பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்கு அளித்தனர். இன்றும் அங்கே மண்டபமாக எழுந்து நிற்கின்றன. 1940இல் நார்மன் பிரௌன் என்னும் பேராசிரியர் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 2022இல் டாரியல் மேசன் பதிப்பித்த மற்றொரு நூல், அக்கற்கள் மதுரையில் எவ்வாறு நின்றிருக்கும், எவ்வாறு இடம் பெயர்ந்தன என்று மீண்டும் ஆராய்கிறது. நம் ஊரில் குவியலாய்க் கிடந்தபோது எவரும் அதை எண்ணிக் கணக்கெழுதவில்லை. கடல் கடந்தபின் இரண்டு நூல்கள். அவர்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. கல் எங்கிருந்தாலும், எழுதி வைத்தவன் கையில்தான் அதன் வரலாறு தங்குகிறது.

எழுதி வைத்தலினும் படமெடுத்து வைத்தல் சில வேளைகளில் வலிமையுடையது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தோன்றியது. அடுத்த ஆண்டுகளில் அதன் புகைப்படக்காரர் ஊர் ஊராகச் சென்று கோயில் திருமேனிகளைப் படமெடுத்தனர். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலின் ஸ்ரீராமர், இளைய பெருமாள், பிராட்டி திருமேனிகள் 1978இல் களவு போயின. நாற்பதாண்டுக்குப் பின் அவை லண்டனில் இருப்பது தெரிந்தபோது, அவை நம்முடையவை என்று நிறுவியது 1958 ஜூன் மாதத்தில் அந்நிறுவனத்தார் எடுத்திருந்த படங்கள். 2020இல் மூவரும் திரும்பி எழுந்தருளினர். கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் சந்நிதியின் திருமங்கையாழ்வார் திருமேனி, ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 1967 முதல் இருந்தது, ஏலத்தில் வாங்கியது. 1957இல் கோயிலில் எடுத்த படமொன்றை 2019இல் ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்ட, இந்திய அரசு உரிமை கோரியது. 2024 மார்ச்சில் அப்பல்கலைக்கழகம் திருப்பித் தர இசைந்தது. படமெடுத்த அன்று அந்தப் புகைப்படக்காரர் இவ்வளவையும் எண்ணியிருக்க மாட்டார். வெயில் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பார்.

இவ்விடத்தில் அடியேன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1979இல், கல்லூரி மாணவனாய் இருந்தபோது, மலையடிவாரத்துச் சிறிய பெருமாள் கோயில் ஒன்றுக்குச் சென்றேன். ஊர்ப்பெயர் இங்கு வேண்டாம். முன்மண்டபத்து விதானத்தில் காவிக்கோட்டில் ராமகாதை. மழை ஒழுகிப் பாதி கரைந்திருந்தது. எஞ்சியவற்றின் கீழே எழுத்து. கையிலிருந்த நோட்டில் பதினொரு கட்டங்களின் குறிப்புகளைப் பார்த்து எழுதினேன். ஒன்றில் பரதனை வெறுமனே பரதன் என்னாது, பரதாழ்வான் என்றே எழுதியிருந்தது. நம் சம்பிரதாயத்தில் மட்டும் வழங்கும் சொல் அது. எழுதியவர் யாரிடம் காலட்சேபம் கேட்டவர் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிட்டது. பொழுது சாய்ந்தது, எழுத்துத் தெரியவில்லை. எஞ்சியதை மறுமுறை வந்து எழுதலாம் என்று பேருந்து ஏறினேன். மறுமுறை செல்ல இரண்டாண்டு ஆயிற்று. அதற்குள் சம்ப்ரோக்ஷணம் சிறப்பாக நடந்தேறியிருந்தது. விதானம் முழுதும் வெள்ளை; ஓரத்தில் நீலக்கோடு. திருப்பணி செய்தோர் மகிழ்ச்சியோடு அழைத்துச் சென்று காட்டினர். அவர்களைக் குறை கூற இன்றும் மனம் வரவில்லை. ஒழுகிய தளத்தை அடைத்து, எம்பெருமான் திருமுன்பு துலங்கச் செய்தவர்கள் அவர்கள். அங்கே ஓவியம் இருந்தது முக்கியம் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நோட்டை மூடிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டான்.

சுண்ணாம்பின் அடியில் இருப்பது எப்போதும் அழிந்துவிடுவதில்லை என்பது உண்மையே. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பின்னர் மேலுள்ள அடுக்கைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, கீழுள்ளதை வெளிக்கொணரும் முறையைத் தொல்லியல் துறையின் வேதியியலார் கையாண்டனர். ஆனால் அது தஞ்சைக்குக் கிடைத்த பாக்கியம். மணலை வேகமாகப் பீய்ச்சித் தூணைத் தூய்மை செய்யும் முறையில் கல்லின் மேல்தோலே உரிந்துவிடுகிறது. சிற்பத்தின் கண்ணிமையும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கிவிடும். 2017இல் யுனெஸ்கோ அனுப்பிய குழு தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளைப் பார்வையிட்டு, முறையற்ற புதுப்பிப்புகளைச் சுட்டிச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. 2021இல் அந்நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது குறித்து எழுபத்தைந்து நெறிமுறைகளை வகுத்தது. முறையாகச் செய்தாலும் திருப்பணி சிறக்கும் என்பதற்குத் திருவரங்கமே சான்று. அங்கு நடந்த புதுப்பிப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

இனி அம்மையாரின் வினாவுக்கு வருகிறேன். படிப்பு உண்டு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை உதவித்தொகையுடன் நடத்துகிறது. முதுகலை முடித்தோர்க்கு அது நல்ல வாயில். 1981இல் தொடங்கப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கும் சிற்பத்துக்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. உளி பிடிக்கவே ஆசையுள்ளவர்க்கு, 1957இல் தோன்றிய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. கலை வரலாற்றையே முதன்மைப் பாடமாகக் கொள்ள விரும்பினால் பரோடாப் பல்கலைக்கழகம் பேர் பெற்றது. முதுகலைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வை வரலாறு, தொல்லியல், காட்சிக்கலை ஆகிய பாடங்களுள் ஒன்றில் எழுதி, இளநிலை ஆய்வு நல்கைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 முதல் உள்ள தொகை இது. இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகமும் ஆய்வு நல்கை தருகிறது.

சோறு உண்டா? உண்டு, விரைவில் இல்லை. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவற்றில் இடங்கள் சிலவே. அறிவிப்பு வருவதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஓவியப் பாதுகாப்பு, படங்களைக் கணினியில் தொகுத்தல் போன்ற புதிய வேலைகளும் உண்டு. அவை பெரும்பாலும் திட்டம் முடியும் வரையில்தான். ஒரே பருவத்தில் விலையேறும் ஏலக்காயைப் போன்றதன்று இத்தொழில். வீட்டில் மற்றொரு வருவாய் இல்லாத பிள்ளை, இடையில் ஆசிரியப் பயிற்சியையும் முடித்து வைத்துக்கொள்வது விவேகம். இதைச் சொன்னதும் அந்த மகளின் முகம் சற்று வாடியது. ஆயினும் பொய்யான நம்பிக்கை தர அடியேனுக்கு மனமில்லை.

பட்டத்துக்குக் காத்திராமல் இவ்வுற்சவ நாட்களிலேயே தொடங்கக் கூடியது ஒன்று உண்டு. மலைச்சரிவிலும் அடிவாரத்திலும் உள்ள ஒவ்வொரு பெருமாள் கோயிலிலும், திருப்பணிக்குப் பாலாலயம் செய்வதற்கு முன்னரே தூண்களுக்கு எண்ணிட்டு, ஒவ்வொரு தூணின் நான்கு முகங்களையும் படமெடுத்து வைக்க வேண்டும். கைப்பேசியே போதும். காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் சாயும்போது எடுத்தால் மழுங்கிய சிற்பமும் எழுந்து தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்க. திசையையும் தேதியையும் அப்போதே எழுதுக. கல்வெட்டில் மாவு தடவுதலும், ஓவியத்தில் நீர் தெளித்து நிறத்தைத் துலக்கிப் பார்த்தலும் அறவே கூடாது. நீர் பட்டதும் ஒரு கணம் பளிச்சிடும் வண்ணம் சில ஆண்டுகளில் உப்புப் பூத்து உதிரும். மூலவரைப் படமெடுத்தல் வேண்டாம். அர்ச்சகர், தக்கார் இசைவின்றி எதையும் தொடலாகாது. திருப்பாவையும் பெரியாழ்வார் திருமொழியும் ஓதத் தெரிந்த பிள்ளைகளுக்கு, தூணில் உள்ளது சகடம் உதைத்த காலா, மருதிடை தவழ்ந்த கோலமா, வெண்ணெய்க்கு நீண்ட கையா என்பது எளிதில் விளங்கும். அந்த அறிவு எல்லா ஆய்வாளர்க்கும் வாய்ப்பதில்லை.

அந்த மகள் மறுவாரமே தூண் எண்களுடன் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். மூன்றாம் தூணின் வடமுகத்தில் கைகூப்பி நிற்பவர் ஆழ்வாரா, திருப்பணி செய்வித்த பாளையக்காரரா என்று கேட்டாள். தலையிலுள்ள கொண்டை சாய்ந்திருப்பதையும், இடையில் குத்துவாள் செருகியிருப்பதையும் அவளே குறித்திருந்தாள். வாள் இருப்பதனால் மட்டும் ஆழ்வார் அல்லர் என்று தள்ளிவிட முடியாது, திருமங்கை மன்னன் வாள் ஏந்தியவராயிற்றே என்று அடியேன் சொல்ல, பெரிய வாளைக் கையில் ஏந்துதல் வேறு, குத்துவாளை இடையில் செருகுதல் வேறு என்று அவள் வாதிட்டாள். வாதம் இன்னும் முடியவில்லை. 1979ஆம் ஆண்டு நோட்டும் அடியேனிடம் பத்திரமாக உள்ளது. பதினொரு கட்டங்களையும் பார்த்து எழுதிக்கொள்ள விரும்பும் மாணாக்கர், உற்சவம் நடக்கும் நாட்களில் மாலைப் புறப்பாட்டுக்கு முன் திருமடைப்பள்ளிக்கு எதிர்த் திண்ணைக்கு வரலாம்.